சூடு தெரியாத கால்

விருத்தாசலத்தில் வெயிலுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர்கள், பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிற ஊர் இது. கத்திரியில் மணிமுத்தாற்று மணலில் நாய்கூட இறங்காது. அப்படிப்பட்ட ஊரில், கோவிந்தராசுவின் உடம்புக்கு வெயில் போதவில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது, பக்கத்தில் நின்ற அவர் மனைவி பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அன்றைக்குச் சிரித்ததற்கும் சேர்த்து அவள் பிறகு அழுதாள்.

கோவிந்தராசுவுக்குச் சூளையில் வேலை. ஊரின் ஓரத்தில் செராமிக் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், பியூஸ் கட்டை செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. வீட்டுக் கரண்டு பெட்டியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று பீங்கானில் இருக்குமே, அதுதான். பெண்கள் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, பிசிறு தட்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் காயவைப்பார்கள். பாஞ்சாலை அந்தப் பெண்களில் ஒருத்தி. இன்னும் சுடாத பச்சைச் சாமானை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே ஈரம் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். சில்லென்று இருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். காய்ந்ததைச் சூளைக்குள் அடுக்கி, வாசலைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்து, நெருப்பு மூட்டி, ஆறவிட்டுப் பிரிப்பது ஆண்கள் வேலை. அந்த ஆண்களில் பெரிய ஆள் கோவிந்தராசு.

அவர் பெரிய ஆள் ஆனது காலால். நெருப்பை நிறுத்தின சூளை ஆறுவதற்கு நாள் பிடிக்கும். அவசரப்பட்டுப் பிரித்தால் சாமான் விரிசல் விடும், உள்ளே போகிற ஆளும் வெந்துபோவான். முதலாளிக்கோ எப்போதும் அவசரம்தான். அதனால் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வாசல் கல்லைத் தட்டி உடைத்ததும், ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வெறுங்காலைத் தரையில் ஊன்றி நிற்பார். கால் தாங்கினால் சூளை ஆறிவிட்டது. தாங்காவிட்டால் எல்லாரும் டீ குடிக்கப் போய்விடலாம். முப்பது வருஷமாக அந்தக் கால் கோவிந்தராசுவின் கால். "அண்ணன் கால் வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் தலையைக் குனிந்து உள்ளே நுழைவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் பாஞ்சாலை, ஸ்பாஞ்சும் கையுமாக எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டு ஆளைக் கேட்டுத்தான் இத்தனை பேரும் உள்ளே போகிறார்கள் என்று உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

கடைசி சில வருஷங்களில் அந்தக் கால் இன்னும் பேர் வாங்கியது. ஒருநாள் அவர் உள்ளே போய் நின்று, "ஆறிடிச்சி, வாங்கடா" என்று குரல் கொடுத்தார். பின்னாலேயே போன மாயவன், அவரோடு பல வருஷம் சூளையில் நின்றவன், குதித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். "யண்ணே, என்னா கொதி கொதிக்குது! உனக்கு இருக்கிறது காலா, கருங்கல்லா?" என்று ஒற்றைக்காலில் நின்று ஆடினான். ஷெட்டே சிரித்தது. சூளை ஒருநாள் முன்னதாகவே பிரிகிறதே என்று முதலாளிக்கும் வாயெல்லாம் பல். கோவிந்தராசு மீசையைத் தடவிக்கொண்டார். பாஞ்சாலையும்தான் சிரித்தாள். இத்தனை வருஷம் நெருப்பில் நின்ற காலுக்கு இந்த உரம்கூட ஏறாவிட்டால் எப்படி என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அது உரமில்லை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பாவம், அவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார்.

"இன்னொண்ணு எங்கங்க?" என்றாள் பாஞ்சாலை.

அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "அட, எங்கியோ கயண்டுகிச்சி போலருக்குது."

"கயண்டது கூடத் தெரியாம வூடு வரைக்கும் நடந்து வந்தீங்களா? நல்ல ஆளுதான் போங்க." தலையில் அடித்துக்கொண்டு போய்த் தேடினாள். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் புழுதியில் கிடந்தது. மறுநாள் ஷெட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு ஒரு கதை கிடைத்தது.

வலி அதற்குப் பிறகு வந்தது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி என்றார். அப்புறம் மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி என்றார். பகலில் எப்படியோ ஓடிவிடும். படுத்தால் ஆரம்பிக்கும். போர்வை பட்டால்கூடப் பொறுக்காது. உள்ளங்காலில் நெருப்பை வைத்தது போல எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். பாஞ்சாலை ஈரத்துணியைச் சுற்றுவாள், விளக்கெண்ணெய் தடவுவாள், விசிறுவாள். துணி சில்லென்று இருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை என்பார். எரிகிறதா என்று கேட்டால் எரிகிறது என்பார். இந்த இரண்டு பதிலையும் சேர்த்துவைத்து யோசித்திருக்கலாம். தூக்கமில்லாத கண்ணுக்கு யோசனை எங்கே வரும்?

தூக்கம் கெட்டதும் ஆள் மாறிப்போனார். அதிர்ந்து பேசாத மனுஷர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். சூளைக்குள் சாமானோடு தடுமாறி விழப்போக, மாயவன் பிடித்துக்கொண்டான். முதலாளி, "கொஞ்ச நாள் வூட்ல இரு கோவிந்தராசு" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று கோவிந்தராசுவுக்குத் தெரியாது. ஒருநாள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இந்த எழவெடுத்த கால வெட்டிப் போட்டுட்டாக்கூடத் தேவல புள்ள. நிம்மதியாத் தூங்குவன்."

"வாயக் கழுவுங்க மொதல்ல," என்று கத்தினாள் பாஞ்சாலை. அவர் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி அடித்துப்போட்டது போலத் தூங்கிவிடவேண்டும். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது அவ்வளவுதான். சாமியிடமும் அதையேதான் கேட்டாள்.

நல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் அன்பரசி வந்து, அதட்டி மிரட்டி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தது. எவ்வளவு காலமாக என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் பார்த்ததே இல்லை. நரம்பெல்லாம் அடிபட்டுவிட்டது, அதனால்தான் எரிச்சல் என்றார் டாக்டரம்மா. இன்னொரு காகிதத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வைட்டமின் டி ரொம்பக் கொறஞ்சிருக்குது. ஐயா வெயில்லயே போக மாட்டீங்களா?"

"நெருப்புலதாம்மா நின்னேன்," என்றார் கோவிந்தராசு. "வெயில எங்க பாத்தேன்? வெடியகாலம் ஷெட்டுக்குள்ள பூந்தா பொழுது சாஞ்சிதான் வெளிய வருவன்."

பாஞ்சாலை சிரித்தது அப்போதுதான்.

"சிரிக்காதீங்கம்மா. வெயில் கொளுத்தற ஊர்லதான் இப்ப நெறைய பேருக்கு இது கொறைவா இருக்குது. எல்லாரும் கூரைக்குக் கீழதான இருக்கறோம்?"

"அது ஏறிடிச்சின்னா வலி போயிடுமாம்மா?" பாஞ்சாலைக்கு அந்தக் கேள்வி ஒன்றுதான்.

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. அதைப் பாஞ்சாலை இன்றைக்கும் ஒப்புக்கொள்வாள். "போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். சில பேருக்குக் கொறஞ்சிருக்குது, சில பேருக்கு ஒண்ணும் தெரியல. ஐயாவுக்குக் கொறைவா இருக்கறதால அத சரி பண்ணணும், எலும்புக்கும் நல்லது. ஆனா சர்க்கரைய அடக்கறதுதான் முக்கியம். அத வுட்டுட்டு வெயில மட்டும் நம்பாதீங்க." சர்க்கரைக்குத் தினமும், வைட்டமினுக்கு வாரம் ஒன்றும் மாத்திரை எழுதினார். காலையில் கொஞ்ச நேரம் கை, கால், முகத்தில் வெயில் படட்டும் என்றார். செருப்பில்லாமல் நடக்கவே கூடாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும் என்றார். தலையை எல்லாவற்றுக்கும் ஆட்டிவிட்டு வெளியே வந்த பாஞ்சாலையின் காதில் ஒன்றுதான் நின்றது. சில பேருக்குக் குறைந்திருக்கிறது.

மறுநாளே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டாள். வாசலில் ஒரு கல் கிடந்தது. சூளைக்குள் சாமானை அடுக்குவதற்கு வைக்கிற கனத்த பலகைக்கல், கறுப்பாக, ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் வைத்து அதன்மேல் போட்டது. நெருப்பில் பல தடவை வெந்து ஓரம் உடைந்தவற்றைக் கம்பெனியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். துணி துவைக்க, காலை வைத்து ஏற, மீன் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். இந்தக் கல்லைக் கோவிந்தராசு எப்போதோ தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அதன்மேல் காலை நீட்டிக்கொண்டால் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

டாக்டர் சொன்னதில் அவருக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். "ஈரம் போவாத சாமான சூளைல வச்சா என்னா ஆவும்? டப்புனு வெடிக்கும். அது மாதிரிதான் இதுவும். ஷெட்டுக்குள்ளயே கெடந்து கெடந்து கால்ல ஈரம் பூந்துகிச்சி. வெயில்ல வச்சி எடுத்தா உள்ள இருக்கறதெல்லாம் காஞ்சிடும்," என்று அடித்துச் சொன்னார். அந்தப் பேச்சு பாஞ்சாலைக்கு டாக்டர் பேச்சைவிட நன்றாக விளங்கியது. அவளும் வாழ்நாள் முழுக்க ஈரத்தோடு மல்லுக்கட்டுகிறவள்தானே.

குறையவும் செய்தது. அதுதான் கொடுமை. மாசி மாதத்து இளவெயிலில் உட்கார ஆரம்பித்தவர் பங்குனி பிறக்கும்போது, "இன்னிக்கிப் பரவால்ல" என்றார். கொஞ்ச நேரம் தூங்கினார், பிறகு இன்னும் கொஞ்ச நேரம். அது வெயிலோ, வாரத்து மாத்திரையோ, சர்க்கரை இறங்கியதோ, யார் கண்டது? பாஞ்சாலை ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. பழமலைநாதர் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். ஷெட்டில் எல்லாரிடமும் சொன்னாள். முட்டிவலிக்காரி, இடுப்புவலிக்காரி எல்லாரையும் வெயிலில் போய் உட்காரச் சொன்னாள். "பைசா செலவில்லாத வைத்தியம்டி" என்று அவள் ஆடின ஆட்டத்தைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர் மறுபடி மீசையைத் தடவ ஆரம்பித்திருந்தார். ஆடி பிறந்தால் சூளைக்கு வந்துவிடுவேன் என்று மாயவனிடம் சொல்லி அனுப்பினார்.

அன்பரசி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒருவர் வெட்டவெளியில் நின்றுகொண்டு, எவ்வளவுக்கு எவ்வளவு வெயிலில் நிற்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு நரம்பு உயிர்பெறும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நல்லதைத்தான் நினைத்து அனுப்பினாள், அதில் அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கோவிந்தராசு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கொஞ்ச நேரம் என்பது காலை முழுக்க என்று ஆனது. பிறகு உச்சிப்பொழுதும் அதில் சேர்ந்துகொண்டது. தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிட்டு, காலை மட்டும் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கத்திரி பிறந்தது. வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் பாஞ்சாலைக்கு மனசு கொஞ்சம் இடறியது. "கல்லு சுடலயாங்க?" என்று கேட்டாள்.

"யாரக் கேக்கற நீ?" என்று அவர் சிரித்தார். "சூளையே எங்கால கேட்டுத்தான் ஆறும். இது ஒரு சூடா?"

அவளும் சிரித்துக்கொண்டே சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். முப்பது வருஷமாக ஒரு கம்பெனியே நம்பின காலை அவள் எப்படி நம்பாமல் இருப்பாள்? நடக்கும்போது செருப்புப் போட டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நடக்கவில்லையே, உட்கார்ந்துதானே இருக்கிறார். உள்ளங்காலைப் பார்க்கிற வேலையும், தூக்கம் வர ஆரம்பித்ததிலிருந்து, விட்டுப்போயிருந்தது. வலி குறைகிற காலை யார் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்?

அன்றைக்குக் கரண்டு போய், அச்சு மெஷின் நின்று, பெண்களை மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்கள். பாஞ்சாலை தெருமுனையில் திரும்பும்போதே பார்த்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. துண்டு நழுவித் தோளில் கிடந்தது. கால் இரண்டும் கல்லின் மேல். குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்டது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை காலமாயிற்று இந்தக் குறட்டையைக் கேட்டு! சண்டை போட்ட குறட்டை, தலையணையால் காதை மூடிக்கொண்ட குறட்டை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுப்ப மனசு வரவில்லை. துண்டை மட்டும் எடுத்து மெதுவாக அவர் தலையில் போட்டாள். செருப்புச் சத்தம் கேட்டுவிடுமோ என்று அங்கேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நிழல் விழுந்த சுவரோரமாகப் பூனைபோல நடந்து உள்ளே போனாள். அடுப்பில் பாத்திரம் இடிபடாமல் ரசம் வைத்தாள். அப்பளம்கூடப் பொரித்தாள். வெளியே குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சமைத்தது போலச் சந்தோஷமாக அவள் எந்நாளும் சமைத்ததில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு எழுப்பப் போனாள். அவர் தோளைத் தட்டக் குனிந்தபோது வெறுங்காலைக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். சொம்பு உருண்டது. சிந்தின தண்ணீர் கல்லில் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது.

கோவிந்தராசு திடுக்கிட்டு விழித்தார். அவள் கீழே கிடப்பதைப் பார்த்தார். "என்னா புள்ள, வழுக்கிடிச்சா?" என்று கேட்டுவிட்டு, சோம்பல் முறித்துச் சிரித்தார். "நல்ல தூக்கம்டி. பிரமாதமான தூக்கம்."

பாஞ்சாலை தவழ்ந்துபோய் அவர் காலைப் பிடித்துத் தூக்கினாள். வலது குதிகாலின் தோல் கல்லில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. இடது பாதத்தில் விரலோரம் எல்லாம் கொப்புளம். அவள் கத்தின கத்தலில் தெருவே கூடியது. அவர் மட்டும் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "என்னா ஆச்சி, என்னா ஆச்சி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இடது கால் ஆறியது. வலது கால் ஆறவில்லை. சர்க்கரைக்காரர் புண் லேசில் ஆறாது என்பது ஊருக்கே தெரிந்ததுதான். குதிகால் கறுத்தது, கறுப்பு மேலே ஏறியது. இங்கே முடியாது என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்ல, பாண்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவள் அன்பரசி. வீடியோ அனுப்பின அதே விரலால் போடுகிறேனே என்று அவள் வராண்டாவில் தலையில் அடித்துக்கொண்டு அழ, பாஞ்சாலை அவளைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தேற்றுவது?

அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் பாஞ்சாலை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ராத்திரியெல்லாம் எரியுது எரியுதுன்னு துடிச்ச காலுங்க சார். இல்லாத நெருப்புக்குக் கத்தினது, நெசமா நெருப்பு வச்சப்ப ஏன் சார் தூங்கிடிச்சி?"

அவர் வயசுப் பையன்தான், ஆனாலும் உட்கார்ந்து பதில் சொன்னார். "நரம்பு கெட்டுப்போனா ரெண்டுமே நடக்கும்மா. சூட்ட சொல்ற நரம்பு செத்துடும். ஒண்ணுமே இல்லாதப்ப வலின்னு பொய் சொல்ற நரம்பு உயிரோட இருக்கும். வலி இருக்கறதால உணர்ச்சி இருக்குதுன்னு நெனச்சிட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க." செருப்பு நழுவினது தெரியாமல் போனதா என்று அவராகவே கேட்டார். பாஞ்சாலைக்கு ரயில்வே கேட்டுப் புழுதியில் கிடந்த செருப்பு கண்ணில் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்த பிறகு மாயவன் பார்க்க வந்தான். வாங்கிவந்த ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது வாசலில் பாஞ்சாலையிடம், "அண்ணன் கால் வச்சி ஆறிடிச்சின்னு சொன்னப்பல்லாம் எங்களுக்கு வெந்துச்சி அண்ணி," என்றான். "ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, வருசக்கணக்கா. ஒருத்தனாவது என்னா ஏதுன்னு கேட்டமா? பல்லக் காட்டிகிட்டு நின்னம்." மூக்கைச் சிந்திக்கொண்டான். இப்போது யார் கால் வைக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். யாரும் வைப்பதில்லை, ஒருநாள் கூடுதலாகவே காத்திருக்கிறோம், முதலாளியும் ஒன்றும் சொல்வதில்லை என்றான். போகிறபோது அவள் கேட்டுக்கொண்டபடி அந்தக் கல்லை அவனே புரட்டித் தள்ளிக்கொண்டுபோய்த் தெருக்கோடிப் பள்ளத்தில் போட்டான்.

கோவிந்தராசு அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ கேட்ட, நான்தான சுடலன்னு சொன்னன்," என்பார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஷெட்டில் பச்சைச் சாமானைக் கன்னத்தில் வைக்கும்போதெல்லாம் அவளுக்கு வாசல் கல்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பியூஸ் கட்டையைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் விடுகிறவளில்லை அவள். அந்தக் கல்லை ஒருதரம், போகிற போக்கில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் போதுமே. எழுப்பியிருந்தால்கூடப் போதுமே. ரசம் கொதித்த நேரத்தில்தான் எல்லாம் போயிற்றோ என்னவோ. ரசம் வைப்பதையே அவள் விட்டுவிட்டாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

எலும்புக்கு அந்த மாத்திரையும் கொஞ்சம் வெயிலும் இன்னும் வேண்டும் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். பாஞ்சாலை மாத்திரையைக் கொடுத்தாள். வெயில் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவரும் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி, தகரக் கதவின் இடுக்கில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தை பிறந்து ஒரு காலையில், அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரம். "கொஞ்சம் வெளிய வுடு புள்ள," என்றார். "உள்ளயே கெடந்து மக்கிப்போறன்."

அவள் மறுப்பு சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. தரை சில்லென்றுதான் இருக்கும், எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, குனிந்து, வாசல் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். நாற்காலி போடுகிற இடம், கால் படுகிற இடம், அக்கம்பக்கம் எல்லாம். கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பாஞ்சாலை ஒரு சாக்கை நனைத்து விரித்தாள். அவரைத் தாங்கிக்கொண்டுவந்து உட்காரவைத்து, இருக்கிற ஒரு காலில் செருப்பை மாட்டி, நழுவாமல் கயிற்றால் கட்டினாள்.

அவர் முகத்தை வெயிலுக்குத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். பனி விலகி வெயில் ஏறியது. மூடின கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"என்னாங்க?"

"எரியுது புள்ள."

அவள் சடக்கென்று குனிந்து செருப்பைத் தொட்டாள். "சுடலியே, சில்லுனுதான இருக்குது?"

"அந்தக் காலு இல்ல." அவர் தயங்கினார். இத்தனை மாசமாக அவளிடம் மறைத்துவைத்திருந்தார் போல. "அது... எடுத்துட்டாங்களே, அந்தக் காலு. உள்ளங்காலு. அப்பிடியே முன்ன மாரியே எரியுது. தெனைக்கும் எரியுது."

பாஞ்சாலைக்கு, வெட்டிப் போட்டால் தேவலை என்று அவர் சொன்னதும், வாயைக் கழுவச் சொல்லி அவள் கத்தினதும் காதில் கேட்டது. வெட்டியும் ஆயிற்றே. ஈரத்துணியை எதில் சுற்றுவாள்? எண்ணெயை எங்கே தடவுவாள்? மடித்துக் கட்டின வேட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லை. சாக்குத்தான் தெரிந்தது, அதன்மேல் பளீரென்று வெயில்.

"எந்த எடத்துலங்க?" என்று கேட்டாள்.

அவர் விரலை நீட்டிக் காட்டினார்.

அவள் எழுந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் நிழல் அந்த இடத்தில் விழுகிற மாதிரி நின்றாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இந்தாண்ட."

நகர்ந்தாள்.

"ம்," என்றார் அவர். "அங்கதான்."

கம்பெனிச் சங்கு ஊதியது. உள்ளே தூக்கில் சோறு கட்டி வைத்திருந்தது. பாஞ்சாலை அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.